இரண்டடி நகர்ந்த கோடும் இம்மியும் நகராத காவலும்

எட்டு ஆண்டுகள் எங்கள் இரும்புக் கம்பங்களுக்கு நடுவே எழுந்து நின்ற இடிதாங்கியே! பாய்ந்து வந்த பந்தையெல்லாம் பச்சைக் குழந்தையை வாங்குவதுபோல் மார்போடு வாங்கிய பொற்கரங்களே! புத்தம்புது அணிக்கு முதல் நாளே முதுகெலும்பாய் அமைந்த முதல் தலைவியே! வாயாடிகள் இருபது பேரை ஒற்றைப் பார்வையில் வாயடைக்க வைத்த வல்லமையே! இன்றோடு கையுறையைக் கழற்றும் எங்கள் கேப்டனே, வணக்கம்!

இந்த அடைமொழிகளில் ஒன்றுகூடக் காற்றில் வந்ததல்ல. ஒவ்வொன்றையும், மைதானத்துப் புல்லைப் பராமரிக்கும் எங்கள் புல்லுக்காரர் கண்ணால் பார்த்திருக்கிறார். அவர் எதையும் லேசில் நம்புகிறவர் அல்லர். வானொலியில் மழை என்று சொன்னால், வெளியே வந்து கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் குடையை எடுப்பார். மைதானத்து ஊழியர் எல்லார் பெயராலும் வாசிக்கிற மடல் என்பதால் இதில் எழுதியவர் தம்மை 'நான்' என்று சொல்லிக்கொள்ள மாட்டார். எழுதியவர் புல்லுக்காரர். பள்ளிக்கூடத்தில் நாலு வருடம் இருந்தவர். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுதியிருப்பது பெரும்பாலும் அவர் செய்த ஒரு தப்பைப் பற்றி. எது என்று உங்களுக்கு இப்போதே தெரிந்திருக்கும். முகம் சுளிப்பீர்கள். சுளியுங்கள், நீங்கள் விதித்த கெடு இன்றோடு முடிகிறது.

வேண்டாம் என்று விடப்பட்டு வெற்றியாய் முளைத்தவரே! இந்த அணி பிறந்த கதை இங்கே உட்கார்ந்திருக்கும் இளையவர்களுக்குத் தெரியாது. பெண்கள் கால்பந்து லீக்கில் ஏற்கெனவே ஏழு அணிகள் இருந்தன. எட்டாவதாக நம்மைச் சேர்த்துக்கொண்டார்கள். மூன்று வருடம் பார்ப்போம், தேறினால் இருக்கட்டும், தேறாவிட்டால் கலைத்துவிடுவோம் என்று நிபந்தனை. பழைய அணிகள் தலைக்கு மூன்று பேரை நமக்கு விட்டுத்தர வேண்டும் என்பது விதி. எந்த வீட்டில் நல்ல பாத்திரத்தைத் தூக்கிக் கொடுப்பார்கள்? நெளிந்ததையும் கைப்பிடி ஆடுவதையும்தான் நீட்டினார்கள். "வயதாகிவிட்டது, இனி பாயமாட்டாள்" என்று உங்களையும் இருபத்தொன்பது வயதில் அப்படி நீட்டிவிட்டார்கள்.

புல்லுக்காரருக்கு அப்போது இந்த மைதானத்தில் இருபதாவது வருடம். ஆண்கள் அணி வேறு ஊர் பார்த்துப் போன பிறகு, ஆட ஆளில்லாத புல்லுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். பெண்கள் வருகிறார்கள் என்றதும், ஒரு சீசன்கூடத் தாங்காது என்று ஊரெல்லாம் சொன்னவர் அவர்தான். சொன்னதோடு நிற்கவில்லை. நல்ல உடை மாற்றும் அறையைப் பூட்டிவிட்டு, புல் வெட்டும் இயந்திரத்துக்குப் பக்கத்துச் சாமான் அறையை உங்களுக்குத் திறந்துவிட்டார். நீங்கள் சண்டைக்குப் போகவில்லை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு கம்பத்தருகே நடந்தீர்கள். இடது பக்கம் ஓரிடத்தில் நின்று பாதத்தால் அழுத்திப் பார்த்தீர்கள்.

"பெரியவரே, இங்க மேல சமமாத்தான் இருக்கு, அடியில பள்ளம் இருக்கே. மழை பெஞ்சா தண்ணி நிக்குமோ?"

பதினொரு வருடமாக அந்தப் பள்ளம் அவர் ஒருவருக்கே தெரிந்த ரகசியம். எத்தனையோ கோல்கீப்பர்கள் அதன்மேல் நின்று ஆடிவிட்டுப் போயிருக்கிறார்கள்; ஒருத்தன் கண்டுபிடிக்கவில்லை. மறுநாள் காலை நல்ல அறையின் சாவி கதவிலேயே தொங்கியது. அதைத் தொங்கவிட்டவர் யார் என்று இத்தனை நாளும் அவர் ஒப்புக்கொண்டதில்லை. அவர்தான்.

தோல்வியிலும் தோள் தொங்காத தைரியமே! முதல் சீசனில் பதினான்கு ஆட்டம். பதின்மூன்றில் தோற்றோம். ஒன்று சமன். முதல் ஆட்டத்துக்கு வந்தவர்கள் நூற்று நாற்பது பேர். அதில் பாதிக்குமேல் உங்கள் மாமன், சித்தி, மச்சான் வகையறா. சமன் ஆன அன்று நீங்கள் எல்லாரும் உலகத்தையே வென்றதுபோல் மைதானத்தைச் சுற்றி ஓடினீர்கள். பைத்தியமா இதுகளுக்கு என்று கேட்டுக்கொண்டே புல்லுக்காரரும் தண்ணீர்க் குழாயைப் பிடித்தபடி பாதிச் சுற்று கூடவே நடந்துவிட்டார்.

அந்த சீசனில்தான் கயிறு வெளியே போனது. பெட்டிக் கோடு என்கிறோமே, அந்தக் கோட்டுக்குள் இருக்கும்வரைதான் கோல்கீப்பர் பந்தைக் கையால் தொடலாம். கம்பத்தின் கோட்டிலிருந்து சரியாக ஐம்பத்துநாலு அடி. அதை அளக்கப் புல்லுக்காரர் ஒரு நைலான் கயிறு வைத்திருந்தார். ஐம்பத்துநாலில் ஒரு முடிச்சு. அலுவலகம் புது அளவு நாடா வாங்கிக் கொடுத்தபோது, இதை எவன் செய்தானோ என்று அலமாரியில் போட்டுப் பூட்டிவிட்டார். நம் அணிக்கோ அப்போது ஆளுக்கு இரண்டே ஜெர்சி. துவைத்தால் உலர்த்த இடமில்லை. துணிமணியைப் பார்த்துக்கொள்ளும் அக்கா கையைப் பிசைந்தார். ரெண்டு நாளைக்கு என்று சொல்லி நீங்கள் வந்து அந்தக் கயிற்றைக் கேட்டீர்கள். முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார். இரண்டு நாள் ஒரு சீசன் ஆனது. நாற்பது ஈர ஜெர்சி மாதக்கணக்கில் அதில் தொங்கியது. இரண்டாவது சீசன் தொடங்கும்போது கயிறு திரும்பி வந்தது. புல்லுக்காரர் உதறி, அதை வைத்தே பெட்டிக் கோட்டைப் போட்டுச் சுருட்டினார், கயிற்றை அளந்து பார்க்கவில்லை. ஊர் உலகத்தில் எல்லாரையும் சந்தேகப்பட்ட மனிதர், தம் கயிற்றை மட்டும் சந்தேகப்படவில்லை.

அவச்சொல்லை அமைதியாய்ச் சுமந்த அரும்பெரும் பொறுமையே! அடுத்து நடந்தது எல்லாருக்கும் தெரியும். ஏன் நடந்தது என்பதுதான் யாருக்கும் தெரியாது. நீங்கள் கோட்டைக் குனிந்து பார்த்து ஆடுகிறவர் அல்லர். கண் பந்தின் மேல் இருக்கும், கோடு எங்கே என்று கால் சொல்லும். அந்தக் கால் தினமும் பழகியது நம் மைதானத்தில். இரண்டாவது சீசனில் வெளியூர் ஆட்டம் ஒன்றில் பந்தைப் பிடித்தபடி கோட்டைத் தாண்டி நின்றீர்கள். ஊதினார்கள். எதிரணிக்குக் கிடைத்த உதையிலேயே கோல். மறுபடி இன்னொரு ஊரில் அதே கதை. மூன்றாவது சீசனில் இன்னொரு தடவை. 'கோடுதாண்டி' என்று பேர் வைத்தார்கள். பத்திரிகையில் படம் போட்டார்கள். நீங்கள் பந்தைத் தொட்டாலே வெளியூர்க் கூட்டம் 'கோடுதாண்டி, கோடுதாண்டி' என்று கத்தியது. நம் பயிற்சியாளரே அடுத்த ஆட்டத்துக்கு இரண்டாவது கோல்கீப்பரைத் தயாராக இருக்கச் சொல்லிவிட்டார். முப்பத்திரண்டு வயதில் ஒரு கோல்கீப்பரை உட்கார வைத்தால், பிறகு எழுந்திருக்க விடமாட்டார்கள்.

லீக்காரர்கள் மூன்றாம் வருடச் சோதனைக்கு வர ஒன்பது நாள் இருந்தது. உச்சி வெயிலில் நீங்கள் தனியாக வந்தீர்கள். காலையில்தான் கண் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்ததாகவும், கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று அவர் சொல்லிவிட்டதாகவும் சொன்னீர்கள். பிறகு, பெட்டிக் கோட்டை ஒரு தடவை நாடாவால் அளக்கலாமா என்று கேட்டீர்கள். புல்லுக்காரருக்குச் சுருக்கென்றது.

"இருபது வருஷமா இந்தக் கயிறு பொய் சொன்னதில்ல. உங்க நாடாவைத்தான் நம்ப முடியாது" என்றார்.

அளந்தீர்கள். ஐம்பத்தாறு. நாடாவின் அடுத்த முனையைப் பிடித்து அவர் அளந்தார். ஐம்பத்தாறு. ஓர் அடிக்கோலைக் கொண்டுவந்து, மண்டியிட்டு, ஒவ்வோர் அடியாக நகர்த்திப் பார்த்தார். அதுவும் ஐம்பத்தாறுதான். எதிர்ப்பக்கமும் அப்படியே. மைதானத்தின் நீளத்துக்கும் அகலத்துக்கும் மண்ணுக்குள் இரும்பு முளை அடித்திருந்ததால் அவை தப்பின. முதல் வருடம் வந்தவர்கள் அதை மட்டும் அளந்துவிட்டுப் போயிருந்தார்கள். கயிற்றை நம்பிய கோடு மட்டும் இரண்டடி வெளியே போய் நின்றது. புல்லுக்காரர் அந்தக் கோட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். மூன்று கோலும், ஒன்றரை வருட ஏச்சும், டாக்டர் வீட்டு வாசலில் நீங்கள் காத்திருந்த காலையும் அவர் கயிற்றின் நுனியில் தொங்கின. எழுந்து, அலுவலகத்துக்குப் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று கிளம்பினார். நீங்கள் குறுக்கே நின்றீர்கள்.

"சொன்னா என்ன ஆகும்? கோடு போடக்கூடத் தெரியாத அணின்னு எழுதிட்டுக் கலைச்சிடுவாங்க. இருபத்தோரு பேரும் எங்க போவோம்?"

"உங்க பேர் கெட்டுப்போச்சேம்மா."

"கயிறு கேட்டது நான். இழுத்து நீட்டுனது எங்க ஈர ஜெர்சி. நீங்க என்ன பண்ணுவீங்க? கண்ணு போயிடுச்சோன்னு மூணு மாசமா தூக்கமில்ல, பெரியவரே. கண்ணு நல்லாருக்கு. எனக்கு அது போதும்."

அப்புறம் வாக்குக் கேட்டீர்கள். நான் ஆடற வரைக்கும் வாய் திறக்காதீங்க, நான் நின்ன பிறகு உங்க இஷ்டம் என்றீர்கள். அவர் கொடுத்தார். வாழ்நாளில் அவர் விருப்பமில்லாமல் கொடுத்த ஒரே வாக்கு அதுதான்.

எட்டு நாள், மதிய நேரத்தில் இரண்டு பேரும் பழைய கோட்டைத் தேய்த்துக் கழுவி, புல்லை ஒட்ட வெட்டி, நாடா பிடித்துப் புதுக் கோடு போட்டீர்கள். என்ன கேப்டன், புது உத்தியோகமா என்று பெண்கள் கிண்டல் செய்தார்கள். ஆட்டம் விட்டா பொழைக்க ஒரு தொழில் வேணுமில்ல என்று சிரித்துச் சமாளித்தீர்கள். பயிற்சியாளரிடம் ஒரே ஓர் ஆட்டம் கேட்டீர்கள். இனி தாண்டமாட்டாய் என்பதற்கு என்ன உறுதி என்று அவர் மடக்கினார். பதில் உங்கள் நாக்கு நுனியில் இருந்தது. ஒரு வாக்கியம் போதும், பேர் சுத்தமாகியிருக்கும். நீங்கள் சொன்னது ஒரே சொல்.

"தாண்டமாட்டேன்."

கதவோரம் நின்ற புல்லுக்காரர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு, காலையில் வெட்டிய புல்லையே மறுபடி வெட்டப் போனார். ஆட்டம் உங்களுக்குக் கிடைத்தது. சோதனைக்கு வந்தவர்கள் இந்தத் தடவை பெட்டியையும் அளந்தார்கள். ஐம்பத்துநாலு. விரலளவு பிசகில்லை. மைதானம் வெகு நேர்த்தி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். நம் அணி நிலைத்தது.

இனி வெற்றியைப் பேசுவோம், வெல்லப் பிறந்தவரே! ஐந்தாவது சீசன். இறுதி ஆட்டம். வெளியூர் மைதானம், நிறைந்த கூட்டம். இங்கே கேன்டீன் தொலைக்காட்சியின் முன்னால் நாங்கள் எல்லாரும் கூடியிருந்தோம். அணிக்கு ஒரு கோல், முடிய மூன்று நிமிடம். உயரமாக ஒரு பந்து வந்தது. நீங்கள் கம்பத்தை விட்டுப் பாய்ந்து வந்து, எகிறிப் பிடித்து, வந்த வேகத்தில் பெட்டிக் கோட்டின் மேலேயே வந்து நின்றீர்கள். கூட்டம் மொத்தமும் ஒரே குரலில் 'கோடுதாண்டி' என்று அலறியது. எதிரணிப் பெண்கள் அத்தனை பேரும் ஆட்டத்தை விட்டுவிட்டுக் கையைத் தூக்கி நடுவரைப் பார்த்து நின்றார்கள். கேன்டீனில் புல்லுக்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டு "ஐம்பத்துநாலு, ஐம்பத்துநாலு" என்று முணுமுணுத்தார். நடுவர் விசிலை வாயில் வைத்தபடி ஓடிவந்தார், குனிந்து பார்த்தார். ஷூவின் நுனி வெள்ளைக் கோட்டின் மேல். கோடும் பெட்டியில் சேர்த்திதான். விசிலை எடுத்துவிட்டார். அவர் குனிவதற்கு முன்பே நீங்கள் பந்தை வலது ஓரத்தில் நின்ற நம் வாயாடிக்கு வீசிவிட்டீர்கள்! கையைத் தூக்கியவர்கள் இறக்குவதற்குள் அவள் பாதி மைதானம் போய்விட்டாள்! கோல்! கோப்பை! உங்களை எள்ளிய அந்தப் பேரே அவர்களைக் கட்டிப்போட்டு நமக்குக் கோப்பை வாங்கித் தந்தது!

அதற்குப் பிறகும் ஒரு கோப்பை வந்தது. நூற்று நாற்பது பேர் இருந்த இடத்தில் இன்று டிக்கெட் இல்லை என்று பலகை வைக்கிறோம். ஆனாலும் வெளியூரில் இன்றும் எவனாவது பழைய பேரைச் சொல்லிக் கத்துகிறான். உங்களோடு ஆடியவர்கள்கூட, கேப்டனுக்கு அந்த ஒரு குறைதான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதனால்தான் இந்த மடல். இந்த அரங்கில் எல்லார் முன்னிலையிலும் புல்லுக்காரர் சொல்கிறார்: கேப்டன் தம் தப்பால் கோட்டைத் தாண்டியதில்லை, இந்த மைதானத்துக் கோடுதான் அவர் காலுக்குத் தப்பான இடத்தைச் சொல்லிக் கொடுத்தது. போட்டவர் புல்லுக்காரர். நிர்வாகத்தார் இதற்காக அவரை வீட்டுக்கு அனுப்பினால், சந்தோஷமாகப் போவார். இந்த விஷயம் நேற்றுவரை எங்களில் மற்றவர்களுக்குத் தெரியாது. தெரிந்ததும் எல்லாரும் கையெழுத்துப் போட்டோம்.

உங்களுக்குத் தரும் கண்ணாடிச் சட்டத்தில் இந்த மடலுக்குக் கீழே இரண்டடி நைலான் கயிறு ஒன்று இருக்கிறது. அந்தக் கயிற்றில் நீண்டுபோனதை அளந்து அவரே வெட்டினார். நாடாவைக்கொண்டு, மூன்று தடவை அளந்து. உங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டுங்கள். பழைய பேரை யாராவது எடுத்தால் வாயால் பதில் சொல்ல வேண்டாம், சட்டத்தைக் காட்டுங்கள்.

நோயின்றி, நொடியின்றி, முழங்கால் வலியின்றி, பேரன் பேத்தி வீசும் பந்தையும் பாய்ந்து பிடித்து நூறாண்டு வாழுங்கள். கயிறு நீண்டால்தான் வினை. உங்கள் ஆயுள் எவ்வளவு நீண்டாலும் நாங்கள் அளக்கமாட்டோம்.

என்றும் உங்கள் மைதானத்தில்,
துணிமணி அக்கா, டிக்கெட் கவுண்டர் தம்பதி, வாசல் காவலர், கேன்டீன்காரர்,
எல்லாருக்கும் கடைசியில், புல்லுக்காரர்.