வேலியில அடிச்ச தகடு

பாலிஷ் போடறதெல்லாம் வேணாம் பொண்ணே, கழட்டிக் கொண்டு போன்னுதான் சொல்றேன். தமாஷ் இல்ல. தகடு கறுத்துப்போச்சு, துடைச்சுட்டு ஒரு போட்டோ எடுத்துட்டு வான்னு உங்க ஆபீஸ்ல உன்னை அனுப்பியிருப்பாங்க, தெரியுது. இந்த ஸேய்னாவுக்கு வயசாகி மூளை கொழம்பிடுச்சுன்னு வேணா போய்ச் சொல்லு. உக்காரு, காப்பியைக் குடி.

அதுல என்ன எழுதியிருக்கு, நீயே படி. ஆங், சகவாழ்வு. இந்த ரெண்டு வீடும் சகவாழ்வுக்குச் சாட்சி. நான் பொறந்து வளர்ந்தது இதே பொஸ்னியாவுலதான். போருக்கு முன்னாடி எவனும் அந்த வார்த்தைய சொல்லி நான் கேட்டதில்ல. அக்கம்பக்கம்னு சொல்லுவோம், அவ்ளோதான். வேலிக்கு அந்தப் பக்கம் யான்யா, சர்ச்சுக்குப் போறவ. இந்தப் பக்கம் நான், மசூதிக்குப் போறவ. பெருநாளுக்கு என் பக்லாவா இனிப்பு அங்க போகும், ஈஸ்டருக்கு அவ சிவப்பு முட்டை இங்க வரும். சர்க்கரை பத்தலடின்னு அவ சொல்லுவா, முட்டை வேகலடின்னு நான் சொல்லுவேன்.

சகவாழ்வுன்னா ஒருத்தரை ஒருத்தர் பொறுத்துக்கிட்டு வாழறதுன்னு இதைத் திறந்து வைக்கறப்ப உங்க பெரியவர் மைக்ல பேசினாரு. நாங்க என்னைக்கும்மா பொறுத்துக்கிட்டோம்? அவ பிளம் மரம் பாதி என் முற்றத்துலதான் நிக்குது. பழம் விழுந்து அழுகும், குளவி மொய்க்கும். மிச்சப் பழத்துல அவ சாராயம் காய்ச்சுவா, புகை பூரா என் துணியில. வருஷா வருஷம் கோடை முடிஞ்சா சண்டைதான். தெருவே வேடிக்கை பார்க்கும். மறுநாள் அவ வீட்டுல காப்பி. மூணாவது கப்பு கொடுத்தா கிளம்புன்னு அர்த்தம், எங்க ஊர்ல அப்படித்தான். நான் அதையும் குடிச்சுட்டு உக்காந்திருப்பேன்.

போர்ல என்னவா? அவ புருஷன் ஒரு படை, என் புருஷன் எதிர்ப்படை. வேற என்ன சொல்ல. அவங்க கடற்கரைப் பக்கம் ஓடிட்டாங்க. எல்லாம் முடிஞ்சு அவ திரும்பி வந்தப்ப நான் கேட்டைப் புடிச்சுக்கிட்டு நிக்கறேன். அவ மரத்தைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. இத்தனை வருஷம் என் பழத்தைத் தின்னுதான் இப்படிக் கொழுத்தியாடின்னா. உன் மரம் என் முற்றத்தையே நாறடிச்சுச்சுடின்னு நானும் கத்தினேன். கத்திக்கிட்டே ரெண்டு பேரும் அழுதோம். அதுதாம்மா எங்க சமாதானம். அன்னைக்கு எந்த மைக்கும் இல்ல.

அப்புறம் நீங்க வந்து இதை அடிச்சீங்க. பஸ் பஸ்ஸா ஆளுங்க வர்றாங்க. போன வருஷம் என் வெள்ளைப் போர்வை மேல பழம் விழுந்து நாசமாச்சு. கத்த வாயைத் தொறந்துட்டேன். பார்த்தா வேலிகிட்ட ஸ்கூல் பசங்க, டீச்சர் எங்களைக் கை காட்டி என்னமோ விளக்கறாங்க. நான் வாயை மூடிட்டு சிரிச்சேன். அவளும் சிரிச்சா. மன்னிச்சுக்கங்க ஸேய்னான்னா. மன்னிச்சுக்கங்களாம்! சின்ன வயசுலருந்து வாடி போடின்னு கூப்பிட்டவ. அதுலருந்து மூணாவது காப்பியும் கிடையாது. நானே எழுந்து வந்துடறேன்.

மரியாதை நல்லதுதானேங்கறியா? நல்லாயிரு. மரியாதையெல்லாம் முன்பின் பழகாதவங்களுக்கும்மா.

ஏன் இன்னைக்கே கழட்டணுமா? அவ வீட்டை வித்துட்டா. வியாழக்கிழமை லாரி வருது, எல்லைக்கு அந்தப் பக்கம் ஸாக்ரெப்ல மகன்கிட்டப் போறா. அவ சொல்லல, ரொட்டி வண்டிக்காரன் சொன்னான். நேத்து வேலிகிட்ட நின்னா. வெயில் நல்லாருக்குல்லங்கன்னா. ஆமாங்கன்னேன். உள்ள வந்து கதவைச் சாத்திக்கிட்டு அழுதேன்.

போகாதடின்னு சொல்லணும். எனக்கு அதைக் கத்தித்தான் சொல்ல வரும், வேற மாதிரி வராது. கழட்டு, எழுந்திரு.