துணையாள் இல்லாமல் போன படகு

காயப்பட்ட ஒருவருடன் ஒரு துணையாள் கப்பலுக்குப் போகலாம். விதி அது. தற்காலிக ஆஸ்பத்திரி வாசலில் எழுதி ஒட்டியிருந்தார்கள்.

அதைத்தான் படகில் ஆளேற்றுபவரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். 2009 ஏப்ரல். மாத்தளன் கடற்கரை. காயக்காரரைக் கொண்டுபோகும் கப்பல் தூரத்தில் நிற்கிறது. என் மனைவி நேசம் படகுக்குள், ஒரு கதவுப் பலகையில். தொடையில் பீரங்கிச் செல் துண்டு.

"ஐயா, இடமில்லை. காயக்காரர் மட்டும்."

"விதிப்படி ஒரு துணையாள்..."

நேசம் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்கிறார். "இஞ்சாருங்கோ, உங்கட சுற்றுநிருபத்தைக் கடலுக்கு வாசிச்சுக் காட்டுங்கோ. வழி விடும்."

கல்வித் திணைக்களக் கந்தோரில் விதிகளோடு குடித்தனம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். நேசம் உயர்தர வகுப்புக்கு ஐரோப்பிய வரலாறு படிப்பித்தவர். அதற்கு முதல் நாள் மத்தியானம் பங்கர் குழிக்குள் இருந்து வினாத்தாள் தயாரித்தார். பள்ளிக்கூடத்துக்குக் கூரை இல்லை. பிள்ளைகள் எங்கே என்று தெரியாது. ஆனால் ஓகஸ்டில் சோதனை வரும் என்றார். இத்தாலி, ஜேர்மனி ஐக்கியம் கட்டாயம் வருமாம்.

"இத்தாலிக்காரர் ஒண்டாச் சேர்ந்தவை. ஜேர்மன்காரரும் சேர்ந்தவை. சுவிஸில அதே பாஷை கதைச்சவை மட்டும் ஏன் போய்ச் சேரேல்லை?" என்று என்னைக் கேட்டார்.

"அது பாடத்திட்டத்தில இல்லை" என்றேன்.

"உங்களுக்குப் பாடத்திட்டத்தில இல்லாத ஒண்டும் உலகத்தில இல்லை."

பதில் சொல்ல யோசித்தேன். அப்போதுதான் பங்கர் வாசலில் செல் விழுந்தது.

கடற்கரை. இன்னும் படகடியில் நிற்கிறேன். 'டும்' என்று ஒரு குத்தொலி. பிறகு கூவல். கூவல் நீண்டால் செல் தலைக்கு மேலால் போகும். இது நீளவில்லை.

"செல் வருது! படுங்கோ! படுங்கோ!"

படுக்கிறேன். வாய் நிறைய மணல். காது அடைத்துவிட்டது. எழும்பிப் பார்த்தால் படகு அலைக்கு அப்பால் போய்விட்டது. நேசத்தின் கை தெரிகிறது. அசைகிறதா, படகு அசைக்கிறதா, தெரியவில்லை.

இப்போது சுவிஸில், லாங்கன்தாலில் இருக்கிறேன். மகள் கூப்பிட்டு எடுத்தாள். அவளும் மருமகனும் தொழிற்சாலையில், ஆளுக்கொரு ஷிப்ட். பேரப்பிள்ளைகள் தங்களுக்குள் ஜேர்மன் கதைக்கிறார்கள். பகலில் வீட்டில் நானும் குளிர்சாதனப் பெட்டியும். அது அடிக்கடி உறுமும். நான் குறைவு.

காணாமல் போனோரைத் தேடும் கந்தோருக்கு ஒவ்வொரு ஏப்ரலும் எழுதினேன். இணைப்புகளுடன். பதிவுத் தபாலில். கிடைத்தது என்ற அட்டை ஒழுங்காக வந்தது. நல்ல அட்டை.

கீழ்வீட்டில் ஒரு கிழவர். டிசினோக்காரர், சுவிஸ்காரர்தான், ஆனால் தாய்மொழி இத்தாலியன். உடுப்புத் தோய்க்கும் அறையில் எங்கள் இருவருக்கும் ஒரே நாள். இருவரும் கெட்ட ஜேர்மன் கதைப்பதால் நன்றாக விளங்கும். ஒரு நாள் நேசத்தின் கேள்வியைக் கேட்டேன். நீங்கள் ஏன் இத்தாலியோடு போகவில்லை?

"ரோம் தூரம். எங்கள் தலைநகர் பேர்ன் பக்கத்தில் இருக்கிறது. திட்டினால் கேட்கும். மறுமொழியும் வரும்."

சரியான விடை. முழுப் புள்ளி. அதை நேசத்துக்குச் சொல்ல மாடிப்படியில் விரைந்து ஏறினேன். மேல்படிக்கு வந்த பிறகுதான் நின்றேன்.

போனது வந்தது கணக்கு இது. வீடு ஒன்று. பள்ளிக்கூடம் ஒன்று. படகில் ஒரு துணையாளின் இடம். நேசமலர், ஆசிரியை, ஒருவர். விடை கிடைத்த கேள்வி ஒன்று.

அந்தக் கந்தோரிலிருந்து எனக்கும் மறுமொழி வந்தது. அந்தப் பெயரில் ஒருவரும் மறுகரையில் இறக்கப்பட்டதாகப் பதிவு இல்லை. திகதி: 2018 மார்ச் 6.