நாய் கடித்த தேதி

நாய்க்குப் பால்சோறு வைத்தால் வெல்லம் சேர்க்கக் கூடாது, டாக்டர் ஐயா. முடி கொட்டிவிடும். எங்கள் ஜானிக்கு நான் ஒருநாளும் சேர்த்ததில்லை. ஏழு வருஷம் வளர்த்தேன், உடம்பில் ஒரு சொறி கிடையாது.

நீங்கள் அதைக் கேட்கவில்லை, தெரியும். என் தம்பி மகன் ஜெயவேலுவை நாய் கடித்தது எந்தத் தேதி, அந்த நாய்க்கு வெறி இருந்ததா என்று கேட்டீர்கள். என் தம்பி தசரதனும் அவன் பெண்சாதி தேவகியும் பிள்ளையோடு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்குத் தேதி நினைவில்லை, அத்தையைக் கேளுங்கள் என்று என்னை உள்ளே அனுப்பிவிட்டார்கள். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

என் வீட்டுக்காரர் களம்பூர் ரைஸ் மில்லுக்கு வேலைக்குப் போன இடத்தில் வேறொருத்தியோடு தங்கிவிட்டார். நான் ஆரணிக்கே, தம்பி வீட்டுக்கு வந்துவிட்டேன். அவன் பட்டுச்சேலை நெய்வான். கரைக்குத் தனி நாடா, ஊடை நூலைக் கொண்டுபோகிற கட்டை. ஓரமாக உட்கார்ந்து அதைத் தள்ளித் தருவது என் வேலை. பஸ் ஸ்டாண்டில் குட்டியாகக் கிடந்த ஜானியை எடுத்து வந்தது நான்தான். வேலை முடிந்து காலை நீட்டினால் என் பாதத்தின் மேல் தலையை வைத்துப் படுத்துக்கொள்ளும். எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

எழுபத்தெட்டு கடைசியில் தேவகி பிரசவத்துக்குத் தேவிகாபுரம் தாய்வீட்டுக்குப் போனாள். பிள்ளையைப் பார்க்கப் போன தம்பியிடம் கறாராகச் சொல்லிவிட்டாள்: "நாய் கீற வூட்டுக்குப் புள்ளைய தூக்கிகினு வரமாட்டேன்." தம்பி என்னிடம் வந்து, "இன்னாக்கா பண்றது, பெரிய பேஜாரா கீது" என்றான். எங்களில் ஐந்தாம் மாதம்தான் தாயையும் பிள்ளையையும் அழைத்து வருவோம். அதற்கு இரண்டு மாதம் இருந்தது. நான் பழக்கிவிடுகிறேன் என்று சொன்னேன்.

தம்பி தேவிகாபுரம் போய்வரும்போதெல்லாம் பிள்ளையைச் சுற்றிய பழந்துணியைத் துவைக்காமல் வாங்கி வரச் சொன்னேன். அதை ஜானியின் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் விரித்து வைப்பேன். தறிக்குப் பக்கத்திலேயே தூளி கட்டினேன். வெறும் தூளியை ஆட்டக் கூடாது என்பார்கள் இல்லையா, அதனால் அந்தத் துணிக்குள் கழிவு நூலை அடைத்துப் பிள்ளை அளவுக்கு ஒரு மூட்டை கட்டி, அதைப் போட்டு ஆட்டினேன். பிள்ளை மாதிரி அழுதும் காட்டினேன். முதலில் ஜானி குரைத்தது. பிறகு காதை மட்டும் தூக்கிப் பார்த்தது. கடைசியில் தூளிக்குக் கீழே போய்ப் படுக்கப் பழகிவிட்டது. தெருவில் எனக்குக் கிறுக்கு என்று சிரித்தார்கள். அந்த இரண்டு மாதமும் நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

நன்றாகவே பழகிவிட்டது, அதுதான் வந்த வினை. பிள்ளை வீட்டுக்கு வந்த அன்றைக்கு ஜானி அதன் காலை ஒருமுறை முகர்ந்துவிட்டுத் தூளிக்குக் கீழே படுத்தது. அதற்குப் பிறகு என்னிடம் படுக்க வரவேயில்லை. பிள்ளை சிணுங்கினால் ஓடிப்போய் தேவகியின் முந்தானையை இழுக்கும். அவ்வளவு பயந்தவள் தன் கையாலேயே அதற்குச் சோறு போட ஆரம்பித்தாள். நான் காலை நீட்டிக் கூப்பிட்டால் இருந்த இடத்திலிருந்து வாலை ஆட்டும். ஒருநாள் பிள்ளையைத் தூக்கப் போனேன், என்னைப் பார்த்து உறுமியது. தேவகி சிரித்துவிட்டாள். "ஜானி இப்போ எங்க ஆளுதான்கா. உங்கள மறந்தே பூட்ச்சி."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை அவள். ஆனால் எனக்கு வயிறு எரிந்தது.

தேதி சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். எழுபத்தொன்பது ஆகஸ்ட் நான்கு, ஆடிப்பெருக்குக்கு மறுநாள், சனிக்கிழமை. காலை பத்து மணி இருக்கும். தம்பி நெய்து முடித்த சேலையைக் கொடுக்க முதலாளி வீட்டுக்குப் போயிருந்தான். தேவகி தெருக்குழாயில் நின்றிருந்தாள். பிள்ளையின் ஒரு கால் தூளிக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. கரை நாடா என் கையில் இருந்தது. அதன் நுனியில் இரும்பு முனை இருக்கும். கெண்டைக்காலில் இரண்டு இடத்தில் அழுத்தினேன், ஆழமாக இல்லை. ஜானி உறுமியதே தவிர என்னைக் கடிக்கவில்லை. பிள்ளை வீறிட்டதும் எழுந்து அந்த ரத்தத்தை நக்கியது. குடத்தோடு உள்ளே வந்த தேவகி அதைத்தான் பார்த்தாள். "கடிச்சிட்ச்சி" என்று மட்டும் சொன்னேன்.

நாயைப் பின்கட்டில் உன்னோடு கட்டி வைத்துக்கொள் என்பார்கள், அவ்வளவுதான் நான் நினைத்தது. தம்பி வந்தவன் எதுவும் கேட்கவில்லை. உலக்கையை எடுத்தான். ஜானி ஓடிவந்து என் சேலைக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டது. நான் ஓரடி நகர்ந்துகொண்டேன்.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர், "நாய பத்து நாள் கட்டிப் போட்டுப் பாருங்க. அது நல்லா இருந்துச்சின்னா ஊசிய நிறுத்திடலாம்" என்றார். தம்பி தலையைக் குனிந்துகொண்டு, "அடிச்சிக் கொன்னுட்டேங்க" என்றான். அப்படியென்றால் வேறு வழியில்லை, தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசியும் போட்டாக வேண்டும் என்றார்கள்.

தேவகியால் அதைப் பார்க்க முடியவில்லை. நான்தான் தினமும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனேன், நான்தான் அதன் காலைப் பிடித்துக்கொண்டேன். ஏழு மாதப் பிள்ளைக்கு வயிறு எவ்வளவு இருக்கும், உங்களுக்குத் தெரியாததா. இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்றுதான் தினமும் கிளம்புவேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஊசியை நிறுத்திவிடுவார்கள். ஐந்தாம் நாள் தேவகி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீங்க இல்லன்னா நான் இன்னா பண்ணியிருப்பேன்கா." அதற்குப் பிறகு எந்த வாயை வைத்துக்கொண்டு சொல்வது. பதினோராவது ஊசிக்கு மறுநாள் காய்ச்சல் வந்தது. இரண்டு நாளில் இரண்டு காலும் துவண்டுவிட்டன. ஆயிரத்தில் ஒரு பிள்ளைக்கு இந்த ஊசி இப்படிச் செய்யும் என்றார்கள்.

இப்போது அவனுக்கு ஏழு வயது. பள்ளிக்கூடத்துக்கு நான்தான் இடுப்பில் வைத்துத் தூக்கிப் போகிறேன். அத்தை, அத்தை என்று உயிரை விடுவான்.

ஆகையால் அவன் காலுக்காக நீங்கள் எழுதும் அந்தத் தாளில் நாய் கடித்தது என்று எழுதாதீர்கள், ஐயா. ஜானிக்கு வெறியும் இல்லை, அது கடிக்கவும் இல்லை. குத்தியது நான். தம்பியிடம் நீங்களே சொன்னாலும் சரி, என்னைச் சொல்லச் சொன்னாலும் சரி. நான் குத்திய காயம் நாலு நாளில் ஆறிவிட்டது, தழும்புகூட இல்லை, வேண்டுமானால் பாருங்கள். தம்பி நாயை அடிக்காமல் அந்தப் பத்து நாள் பொறுத்திருந்தால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகியிருக்காது. பெற்ற பிள்ளைக்கு இப்படிச் செய்துவிட்டானே என்று நினைக்கும்போது, கூடப்பிறந்தவனாக இருந்தும் என்னால் அவனை இன்னும் மன்னிக்க முடியவில்லை.