பக்கெட் தண்ணீரில் எடுத்த அளவுகள்

என் பெயர் நஸ்ருல்லா. வயது 52. தகப்பனார் பெயர் அப்துல் சலாம். திருச்சி மலைக்கோட்டைக்குக் கீழே, மொத்த ஜவுளிக் கடைகளுக்குப் பின்னால் உள்ள சந்தில் மாடி வீட்டில் வாடகைக்குக் குடியிருக்கிறேன். எட்டாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். எட்டாம் வகுப்பை இரண்டு முறை படித்ததால் அது மட்டும் கொஞ்சம் அழுத்தமாகப் பதிந்திருக்கிறது. மனைவி ஷரபுன்னிசா. ஒரே மகள் மெஹ்ரீன், எம்.டெக். கடைசி வருடம் படிக்கிறாள்.

நான் ஊருக்கு வெளியே சர்க்யூட் போர்டு செய்யும் ஒரு கம்பெனியில் துப்புரவு வேலை பார்க்கிறேன். போர்டு கழுவிய தண்ணீர் வெளியேறும் வாய்க்காலில், அதிலுள்ள உப்பையும் செம்பையும் அளக்க ஒரு ஸென்சார் உண்டு. அது அளப்பது கம்ப்யூட்டர் வழியாக நேரே அரசாங்கத்துக்குப் போய்விடும். அதை மாட்டிய வாரமே மேனேஜர் பீமராவ் என்னைக் கூப்பிட்டு, அழுக்கில் கிடந்தால் கருவி கெட்டுவிடும், ஆகையால் காலையில் வந்ததும் பக்கெட்டில் குழாய்த் தண்ணீர் பிடித்து அதற்குள் தூக்கி வைத்துவிட்டு, சாயங்காலம் திரும்ப வாய்க்காலில் போட்டுவிடு என்று சொன்னார். இரவில் கம்பெனி ஓடாது. நான் காரணம் கேட்கவில்லை. பக்கெட்டைத் தினமும் சோப்புப் போட்டுத் தேய்த்தே வைத்தேன். இதைக் கேள்விப்பட்ட அன்று என் மனைவி, "வீட்டுல ஒரு டம்ளர் கழுவுனதில்ல இந்த மனுசன்" என்றாள்.

அதன் பிறகு சென்ற மாதம் ஒருநாள் மோட்டார் ரிப்பேராகிக் குழாயில் தண்ணீர் வரவில்லை. கேன்டீனிலிருந்து இரண்டு குடிதண்ணீர் கேனைத் தூக்கிவந்து ஊற்றி வைத்தேன். அரசாங்கக் கருவி ஆயிற்றே, நல்ல தண்ணீராக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

என் மகளின் ஆய்வு, ஒரு சர்க்யூட் போர்டு செய்து முடிப்பதற்குள் மண்ணும் தண்ணீரும் எவ்வளவு கெடுகிறது என்பது. வெளிநாட்டுப் புத்தகத்திலுள்ள சராசரிக் கணக்கு நம் ஊருக்கு ஒத்துவராது, கம்பெனிகள் தாங்களே அச்சடித்துத் தரும் அறிக்கையை நம்ப முடியாது, ஸென்சார் அளவு ஒன்றுதான் பொய் சொல்லாது என்று அவள் அரசாங்கத்திடம் வாங்கிய அந்த அளவுகளையே ஆதாரமாக வைத்திருந்தாள். கேன் தண்ணீர் ஊற்றிய வாரம் சாப்பிடும்போது என்னிடம், "அத்தா, உங்க கம்பெனி கழிவுத் தண்ணி நம்ம வீட்டுக் குடிதண்ணிய விட நல்லாருக்கு" என்றாள். அப்படியானால் நாளைக்கு ஒரு குடம் கொண்டுவரேன் என்று நான் சிரித்தேன். சிரித்த பிறகுதான் அந்தக் கேன் தண்ணீர் ஞாபகத்துக்கு வந்தது. அன்றே அவளிடம் பக்கெட் விஷயத்தைச் சொன்னேன். அவள் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து போனாள். ஆய்வை ஒப்படைக்க அப்போது ஒரு மாதம்தான் இருந்தது.

அதன் பிறகு அவள் தன் பேராசிரியையிடம் சொல்ல, அவர் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத, அலுவலர்கள் வந்து பார்த்தபோது ஸென்சார் பக்கெட்டில் இருந்தது. பக்கத்தில் நானும் இருந்தேன். யாருக்கும் தெரியாமல் நானே செய்ததாகக் கம்பெனி போலீஸில் புகார் கொடுத்தது.

நேற்று பீமராவ் என்னை ஸ்ரீரங்கத்தில் உள்ள தம் வீட்டுக்கு வரச் சொன்னார். காப்பி கொடுத்தார்கள். மோட்டார் ரிப்பேரான வாரம் மட்டும் தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொன்னால் வேலை போகாது என்றார். பிறகு மெதுவாக, "அந்த ஒரு வாரத்த மட்டும் உங்க பொண்ணு எடுத்துட்டா போதும் பாய். மத்தபடி அவ படிப்புக்கு ஒண்ணும் ஆகாது. யோசிங்க" என்றார். அவர் சொன்னது எனக்கு நியாயமாகவே பட்டது. காப்பியும் நன்றாக இருந்தது.

வீட்டுக்கு வந்து மகளிடம், உன் படிப்பு முடியட்டும், அவர் சொன்னபடியே சொல்லிவிடுகிறேன் என்றேன். அவள் கம்ப்யூட்டரைத் திறந்து ஒரு தேதியைச் சொல்லி, அன்று நான் வேலைக்குப் போனேனா என்று கேட்டாள். அன்று ரம்ஜான். இன்னொரு தேதி கேட்டாள். அது ஷரபுன்னிசாவுக்குப் புத்தூர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்த நாள். அடுத்தது மச்சான் மகள் கல்யாணம். இன்னும் ஒன்று, வயிற்றுவலி என்று லீவு போட்டுவிட்டு நான் கிரிக்கெட் பார்த்த நாள். அதை மனைவி எதிரில் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. அந்த நாட்களில் எல்லாம் அளவு தாறுமாறாக ஏறியிருந்ததாம். கருவிக் கோளாறு என்று கம்பெனி எழுதிக் கொடுத்திருந்ததால் அவளும் அவற்றைத் தன் கணக்கிலிருந்து அடித்துவிட்டாளாம். நான் வராத நாளில் பக்கெட் வைக்க ஆள் கிடையாது. ஸென்சார் வாய்க்காலில்தான் கிடந்திருக்கும்.

"அப்ப இதுதான் அத்தா நெசம். மீதிய எல்லாம் நான் தூக்கிப் போட்டுடறேன். படிப்பு முடிய இன்னும் ஒரு வருசம் ஆகும். நீங்க முழுசா சொல்லிடுங்க" என்றாள்.

ஆகவே முழுவதும் சொல்கிறேன். ஸென்சார் மாட்டிய வாரத்திலிருந்து, நான் வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளும், பீமராவ் சொன்னபடி பக்கெட்டில் வைத்தேன். வராத நாட்களின் தேதிகளை என் மகள் எழுதிக் கொடுத்தபடி இத்துடன் தருகிறேன். இத்தனை வருட வேலையில் நான் உருப்படியாகச் செய்தது அந்த லீவுகள்தான்.

நான் சொல்லச் சொல்ல எழுதி, எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடிதான் இருக்கிறது, எல்லாம் உண்மை. வயிற்றுவலி மட்டும் பொய்.

(ஒப்பம்) நஸ்ருல்லா

என் முன்பாகப் பதிவு செய்யப்பட்டது:
அடைக்கலராஜ், காவல் சார்பு ஆய்வாளர்