எந்த ரோசன்டால்

இரண்டு ரோசன்டாலில் ஒன்றின் பெயரை மாற்றுங்கள் என்று கேட்டேன். எதை வேண்டுமானாலும் கேள், ஊர்ப் பெயரை மட்டும் தொடாதே என்று மாவட்ட அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார்கள். என் அம்மாவும் அதையேதான் சொன்னாள். கூட்டுப்பண்ணையில் மாடு கறந்தே என்னை வளர்த்தவள். "பேருல கை வெச்சா சனம் சும்மா விடாதுடி டோரேன். படிச்சிட்டோம்னு வாயைத் திறக்காதே," என்றாள்.

திறந்தேன். அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும், வக்கீலம்மா. ஊவே பானிக்கேயைக் காப்பாற்றத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். நான் சொல்வது அதற்கு உதவுமா என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

விஷயம் ஒன்றும் சிக்கலானதல்ல. மாநிலத் தலைநகர் மக்டெபுர்க்கில் உட்கார்ந்துகொண்டு மாவட்டங்களைக் குறைத்தார்கள். எங்கள் க்ரைவிட்ஸ் மாவட்டத்தையும் வடக்கே இருந்த ஹோல்மென்ஸ்டெட் மாவட்டத்தையும் ஒட்டவைத்து, ஹோல்மென்லாண்ட் என்று பெயர் வைத்தார்கள். அங்கே ஒரு ரோசன்டால் இருந்தது, இங்கே ஒன்று. நடுவில் நாற்பது கிலோமீட்டர். இரண்டுமே ஒற்றைத் தெரு ஊர்கள். இரண்டிலும் அந்தத் தெருவுக்கு ஊர்த்தெரு என்றே பெயர். அதுவரை மாவட்டத்தின் பெயரைச் சொன்னால் எந்த ஊர் என்று விளங்கிவிடும். இனி விளங்காது. தெற்கில் இருப்பது நான் பிறந்த ஊர். அடுத்தவன் ஊரை மாற்று என்று நான் கேட்கவில்லை. எங்கள் ஊர்ப் பெயரையே மாற்றுங்கள் என்றேன்.

இணைப்புக் குழுவுக்கு டாக்டர் ஹென்னெபெர்க் தலைவர். மேற்கிலிருந்து வந்தவர், இந்தப் பக்கத்து ஆளே அல்ல. மேசையைச் சுற்றி இருந்த எல்லோரையும் 'நீங்கள்' என்பார், என்னை மட்டும் 'நீ' என்பார்.

"பாரும்மா, கார் நம்பர் பலகையில பழைய மாவட்ட எழுத்து போச்சுன்னே சனம் ஒப்பாரி வெச்சிட்டிருக்கு. இப்ப ஊர்ப் பேரையும் புடுங்கினா என்னை உயிரோட புதைச்சிடுவாங்க."

"ஆம்புலன்ஸ் ஊர் மாறிப் போனா அவங்களைத்தான் புதைக்க வேண்டியிருக்கும்," என்றேன்.

எங்கள் ஊர் மேயர் கோபெல்ட் அம்மாவும் அங்கே இருந்தார். "மாடு கறந்தவ மக எனக்கு மேப்பு காட்டறா," என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். மெதுவாகச் சொன்னதாக அவருக்கு நினைப்பு.

"அதெப்படி ஊர் மாறும்? பேச்சை வெச்சே கண்டுபிடிச்சிட மாட்டே நீ? அதுலதானே பட்டம் வாங்கினே?" என்றார் ஹென்னெபெர்க். எல்லோரும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு உங்களுக்குப் புரியாது, சொல்கிறேன். ரொட்டியின் கடைசித் துண்டு, ஓரமெல்லாம் மொறுமொறுவென்று இருக்குமே, அதை எங்கள் பக்கம் ரான்ஃப்ட் என்போம். வடக்கே க்னூஸ்ட். எந்த ஊரில் எந்தச் சொல் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டு வரைபடம் போட்டேன். அதுதான் என் ஆய்வு. பழைய மாவட்ட எல்லை எங்கே ஓடியதோ, அந்தச் சொல்லின் எல்லையும் அங்கேயேதான் ஓடியது. எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் நான். மிதித்துவிட்டு ரொட்டித் துண்டோடு திரும்பி வந்தாளே என்று ஊரில் பேச்சு.

"அப்ப சரி," என்றார் ஹென்னெபெர்க். "ரெண்டு அவசர அழைப்பு நிலையத்தையும் ஒண்ணாக்கறப்ப நீயே போய் அங்க உட்காரு. ரோசன்டால்னு எவனாவது கூப்பிட்டா காதைத் தீட்டிக்கோ. பேர் மாத்தற பேச்சு முடிஞ்சுது."

எனக்குக் கோபம் வரவில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

போய் உட்கார்ந்தேன். அவசர அழைப்புகளை எடுப்பது ஊவேயின் வேலை. அவரும் க்ரைவிட்ஸ்காரர். "வா, ரொட்டி டாக்டர்," என்று நாற்காலியை இழுத்துப் போடுவார். அவர் மனைவி வறுத்துக் கொடுத்த இறைச்சி உருண்டையில் எனக்கும் ஒன்று வைத்திருப்பார். நல்ல மனிதர். நான் அதை மறுக்கவே இல்லை.

ரோசன்டாலிலிருந்து அழைப்புகள் வந்தன. இடுப்பு ஒடிந்த கிழவர், வைக்கோல் போரில் தீ, பிரசவம். ஊவே என்னைத் திரும்பிப் பார்ப்பார், நான் வடக்கு அல்லது தெற்கு என்பேன். ஒருமுறைகூடத் தப்பவில்லை. சரியாக நடந்த வேலைக்கு ஒரு குறை உண்டு, வக்கீலம்மா. அது யார் கண்ணிலும் படாது. ஆகஸ்ட் கடைசியில் ஹென்னெபெர்க் செய்தித்தாளுக்குப் பேட்டி கொடுத்தார். எல்லாம் சுமுகம், பெயர் மாற்றம் தேவையே படவில்லை, சிலர் வீணாகப் பயமுறுத்தினார்கள் என்றார். அவர் சொன்னது சரி என்று தினம் தினம் நிரூபித்துக்கொண்டிருந்தவள் நானேதான். அதைப் பல் துலக்கும்போது யோசித்தேன். நிதானமாகத்தான் யோசித்தேன்.

அன்று காலை அந்த அழைப்பு வந்தது. கைபேசி அழைப்பு, எங்கிருந்து என்று திரையில் காட்டாது. பதிவை நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

"ரோசன்டால்ங்க, ஊர்த்தெரு, எட்டாம் நம்பர். என் பொண்டாட்டிக்குக் குளவி கொட்டிருச்சு, தொண்டைக்குள்ள. க்னூஸ்ட்ல பிளம் ஜாம் தடவிக் கடிச்சா, அதுல உட்கார்ந்திருக்கு. மூச்சு விட முடியலைங்க அவளால."

"எந்த ரோசன்டால்?" என்றார் ஊவே.

"எந்தன்னா? ரோசன்டால்தாங்க."

"எந்த மாவட்டம்?"

"ஹோல்மென்லாண்ட். அப்படித்தானே சொல்லச் சொன்னீங்க. சீக்கிரம் வாங்க."

கைபேசியை மேசையில் போட்டுவிட்டு அவளிடம் ஓடிவிட்டான். அவள் மூச்சு இழுப்பது எங்களுக்குக் கேட்டது. ஊவே ஒலிவாங்கியைப் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "நம்ம பக்கமா, பொண்ணே?"

தலையாட்டினேன்.

நான் ஆமாம் என்று தலையாட்டியதாகத்தான் ஊவே சொல்கிறார் என்று நீங்கள் சொன்னீர்கள். பதிவில் அது இல்லை. தலையாட்டல் எந்த நாடாவிலும் விழாது. க்னூஸ்ட் அவருக்கும் தெரிந்த சொல்தான். ஆனால் ஒருத்திக்குத் தொண்டை அடைக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தவர் காதில் ரொட்டி ஏறாது. என் காதில் ஏறும். அதற்காகத்தானே என்னை உட்கார வைத்தார்கள்.

க்ரைவிட்ஸிலிருந்து வண்டி கிளம்பியது. வடக்கே இன்னொரு வண்டி, எங்களைக் கூப்பிட்ட ஹென்னிங் டீலேயின் வீட்டுக்கு இரண்டு ஊர் தள்ளி, சும்மா நின்றது. திரையில் அதன் பச்சைப் புள்ளியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு வண்டிக்காரர்கள் பேசினார்கள். "எட்டாம் நம்பர்ல ஒரு தாத்தா காபி குடிச்சிட்டிருக்காரு. எங்களுக்கும் வேணுமான்னு கேக்கறாரு." அதே சமயம் டீலே மறுபடியும் கூப்பிட்டான்.

"எங்கங்க இருக்கீங்க? நான் தெருவுலதான் நிக்கறேன்."

"வண்டி உங்க வாசல்லதான் நிக்குதுங்க," என்றார் ஊவே.

"இங்க ஒண்ணும் இல்லையே."

ஊவேயின் கழுத்து சிவந்தது. என்னைப் பார்த்தார். அறை புழுக்கமாக இருந்தது. நான் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தேன். கொக்கி இறுகிப் போயிருந்தது, கொஞ்சம் நேரம் பிடித்தது. திரும்பி வந்தபோது அவரே புரிந்துகொண்டு வடக்கு வண்டியை அனுப்பியிருந்தார். அது போய்ச் சேர்வதற்குள் அவன் மனைவி வீப்கே டீலே இறந்திருந்தாள்.

ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். அதன்பிறகு எல்லாம் ஒழுங்காக நடந்தது. பெயர் மாற்றம் மாவட்ட மன்றத்தில் ஒரு குரல்கூட எதிர்க்காமல் நிறைவேறியது. கோபெல்ட் அம்மாவே முன்மொழிந்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. ஹென்னெபெர்க் பதவி விலகினார். என் பழைய கோரிக்கையை எல்லோரும் தேடி எடுத்துப் படித்தார்கள். இப்போது அலுவலகத்தில் என்னை 'நீங்கள்' என்கிறார்கள். இனி அந்த இரண்டு ஊரிலும் எவருக்கும் வண்டி மாறிப் போகாது. அதற்காகத்தான் செய்தேன். வாயால் சொன்னபோது சிரித்தார்கள். சவப்பெட்டி வந்ததும் சிரிப்பு நின்றது. பெட்டிக்குள் யார் இருக்க வேண்டும் என்று நான் தேர்ந்தெடுக்கவில்லை. அன்று காலை யார் வீட்டில் குளவி நுழைந்ததோ, அவர்கள்.

நீங்கள் சொன்ன வழி நல்ல வழி. இரக்கமுள்ள வழி. 'தலையாட்டியது உண்மை, பதற்றத்தில் சரியாகக் காதில் விழவில்லை, மனிதத் தவறு' என்று நான் நீதிமன்றத்தில் சொன்னால் போதும். ஊவே வெளியே வருவார். எனக்கும் பெரிதாக ஒன்றும் வராது. அவருடைய மனைவி வரவேற்பறையில் உட்கார்ந்திருப்பதையும் பார்த்தேன். பை நிறைய ஏதோ கொண்டுவந்திருக்கிறார், எனக்காக இருக்கும்.

ஆனால் அதை நான் சொல்ல மாட்டேன். டோரேன் ஷ்லீப்கேயின் காதில் சரியாக விழவில்லை என்று எந்தத் தாளிலும் ஏற விடமாட்டேன். ஹென்னெபெர்க் அதைப் படிப்பார். "பார்த்தீங்களா, அவளுக்கே கேக்கலை," என்பார். வாசிக்கிற எல்லோரும் அதையே சொல்வார்கள். கோபெல்ட் அம்மா மெதுவாகச் சொல்வார்.

என் கோட்டைக் கொடுங்கள். தண்ணீர் வேண்டாம், உட்காரவும் வேண்டாம். உங்கள் மாடிப்படி ஏறும்போதே முடிவெடுத்துவிட்டுத்தான் வந்தேன். அரசு வழக்கறிஞர் எதிர்க் கட்டடத்தில் இருக்கிறார், வழி தெரியும். அவரிடம் நேராகச் சொல்லப் போகிறேன். வீப்கே டீலே எந்த ரோசன்டாலில் திணறிக்கொண்டிருந்தாள் என்று அந்த அறையில் எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும். அந்த ஒரு சொல் வந்ததுமே தெரியும். தெரிந்துதான் தலையாட்டினேன்.

ஊவே பானிக்கேயைப் பற்றியும் சொல்கிறேன், ஞாபகம் வந்தால்.