களவாய் விட்ட மூச்சு

வவுனியாவிலிருந்து கிளிநொச்சி போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் ஒரு வயதான அம்மா பெரிய ஸ்கான் உறையை மடியில் வைத்திருந்தார். பக்கத்தில் வந்து இருந்த முன்பின் தெரியாத பெண்ணிடம் சொன்னார்:

"போன முறை வயித்தை ஸ்கான் எடுக்கேக்கை நான் வேணுமெண்டு களவா மூச்சு விட்டனான்."

"ஏனம்மா?"

"மூச்சு விட்டால் படம் கலங்கிப்போகும். எடுக்கிற பிள்ளை திரும்பவும், 'அம்மா, மூச்சைப் பிடியுங்கோ, இப்ப விடுங்கோ' எண்டு காதுக்குள்ளை சொல்லும். வீட்டிலை நானும் றேடியோவும்தான். றேடியோ என்னைப் பாத்தே கதைக்குது?"

கனகராயன்குளத்தில் சிலர் இறங்கினார்கள்.

"இந்த முறையும் விட்டனீங்களோ?"

"எங்கை விட? இப்ப புதுசா ஒரு கொம்பியூட்டர் வந்திருக்காம். கனக்கப் படம் பாத்துப் படிச்சதாம். அவசரமா எடுத்த படத்தையும் துலக்கிப்போடுமாம். நான் மூச்சு விடமுதலே முடிஞ்சுது, எழும்புங்கோ எண்டிட்டினம்."

அந்தப் பெண் உறையைப் பார்த்தாள்.

"டொக்டர் என்னவாம்?"

"படம் நல்ல தெளிவாம். ஈரலிலை இருந்த கட்டி மருந்துக்கு முழுக்கக் கரைஞ்சிட்டுதாம்." அம்மா உறையின் மடிந்த மூலையை விரலால் நீவினார். "இனி வரத் தேவையில்லையாம்."