கேட்குமுன் கிடைத்த மன்னிப்பு

கனிவே உருவான கண்காணிப்பாளரே! கோப்புகள் குவிந்தாலும் கோபம் குவியாத குணக்குன்றே! இன்று பணிநிறைவு பெறும் எங்கள் எலிசபெத் கஸ்தூரி அம்மையார் அவர்களே! வணக்கம்.

முப்பத்து நான்கு ஆண்டுப் பணி. அதில் பதினோராண்டு வேங்கிக்காலில் எங்களோடு. தங்கள் பண்புகளையெல்லாம் பாடி முடிப்பதற்குள் கேசரி ஆறிவிடும் என்பதால், ஒன்றே ஒன்றைச் சொல்கிறோம். அதற்குத் தபால் பிரிவு உதவியாளர் வேடியப்பனைச் சபைக்கு இழுக்க வேண்டியிருக்கிறது. அவருக்கு ஆட்சேபணை இல்லை; இதை எழுதியவரும் வாசிப்பவரும் அவரேதான்.

ஏழு ஆண்டுகளுக்கு முன், வேலூரில் படுத்த படுக்கையாய்க் கிடந்த தாயாருக்காகத் தாங்கள் கொடுத்த இடமாறுதல் விண்ணப்பம், வேடியப்பனின் மேசை இழுப்பறையில், முறுக்குப் பொட்டலத்துக்கு அடியில் சுகமாக உறங்கியது. கடைசித் தேதி போன பிறகே அவர் கண்ணில் பட்டது. அம்மா கண்மூடும்வரை இரண்டு ஆண்டுகள், போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம் எனப் பேருந்திலேயே அலைந்தீர்கள்.

விஷயம் வெளிப்பட்ட அன்று எதிரே வந்து நின்ற வேடியப்பன் வாய் திறக்குமுன்னே சொன்னீர்கள்: "தெரியும்பா, விசாரிச்சுட்டேன். மன்னிச்சாச்சு. போய் மூஞ்சியைக் கழுவு."

மனிதர் நம்பினாரா? பரிகாரத்தில் இறங்கினார். கேட்காத டீயைக் கொண்டுவந்து வைத்தார். கிறிஸ்துமஸ் வாரம்தோறும் தங்கள் வேலையையும் தன் தலையில் போட்டுக்கொண்டார். பௌர்ணமிதோறும் தங்கள் பெயரைச் சொல்லி வெறுங்காலோடு பதினான்கு கிலோமீட்டர் கிரிவலம். தொப்பை குறையவில்லை, பாதம்தான் கொப்புளித்தது. அறுபதாவது சுற்றை முடித்து, விந்தி விந்தி வந்து அறிவித்த காலையில் தாங்கள் கேட்டீர்கள்:

"சாமிக்காகச் சுத்து, நல்லது. நான் மன்னிக்கணும்னு ஏம்பா சுத்தறே? அது அன்னிக்கே முடிஞ்சுபோச்சே."

"சும்மா வாங்கிக்க மனசு வரல மேடம். ஏதாவது செஞ்சாத்தானே எனக்கும் மரியாதை?"

"எனக்கு மட்டும் என்னவாம்? இயேசு எனக்காகச் சிலுவையில எல்லாத்தையும் செஞ்சு முடிச்சுட்டாரு. அதுக்கு மேல நான் சேர்க்க ஒண்ணுமில்ல. நம்பி வாங்கிக்கிட்டேன், அவ்ளோதான். அதைத்தான் நாங்க இரட்சிப்புன்னு சொல்றோம். சும்மா வாங்கினவ உங்கிட்ட விலை கேட்டா நல்லாவா இருக்கும்?"

"அப்போ நான் இத்தினி நாள் நடந்தது?"

"உடம்புக்கு நல்லது. சக்கரையை மட்டும் கம்மி பண்ணிக்கோ."

அன்றும் அவர் அந்த மன்னிப்பை வாங்கிக்கொள்ளவில்லை. தாங்கள் போகும் நாள் நெருங்க நெருங்க, கொடுத்தவரே கிளம்பிவிட்டால் இனி யாரிடம் போய் நிற்பது என்ற திகில் பிடித்துக்கொண்டது. நேற்று மாலை தங்களுக்கென்று ஆளுயரக் கடிகாரம் ஒன்று வாங்கப் போனவர், கடைப்படியில் கால் வைத்தார், ரொம்ப நேரம் நின்றார், ஏறாமலே திரும்பினார். இன்று வெறுங்கையோடுதான் வந்திருக்கிறார்.

அன்பும் அமைதியும் தங்கள் இல்லத்தில் அகலாது தங்கட்டும்! நோய்நொடி அண்டாமல் நூறாண்டு வாழ்க! ஆண்டவர் தங்களைக் காப்பாராக! எழுத்தில் பிழை இருந்தால், பழக்கமான ஆள்தானே என்று பொறுத்தருள்க.

நேரில் சொல்ல நா எழாததால், சபையில் வாசித்தே தீரவேண்டிய இந்த இடத்தில் வேடியப்பன் ஒரு வரி எழுதிக்கொள்கிறார்:

மேடம், வாங்கிக்கிட்டேன்.

என்றும் அன்புடன்,
அலுவலகத் தோழர்கள் அனைவரும்
வேங்கிக்கால், திருவண்ணாமலை